எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின்: தட்டில் எது முதலில், ஏறிய எடையை எப்படி இறக்குவது

என் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. 118 கிலோவோடு ஆஸ்பத்திரிக்குள் போனேன். பதினான்காம் மாதம் 77 கிலோ. நான்காம் ஆண்டு முடிவில் எடை பார்க்கும் மெஷின் 86 காட்டியது. அந்த ஒன்பது கிலோ பிரியாணியால் வரவில்லை. பிரியாணி எனக்கு நான்கு வாய்க்கு மேல் இறங்குவதே இல்லை. மாலை நான்கு மணிக்குத் திறக்கும் முறுக்கு டப்பாவால் வந்தது.

சுருங்கிய வயிறு அளவைத்தான் பார்க்கும், தரத்தைப் பார்க்காது. முட்டை நிறுத்திவிடும் இடத்தில் முறுக்கு வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இதை நான் நான்கு ஆண்டுகள் கழித்துப் புரிந்துகொண்டேன். நீங்கள் முதல் மாதமே புரிந்துகொண்டால் இந்த வழிகாட்டிக்கு வேலை குறைவு.

கீழே வரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் மருத்துவரோ உணவியல் நிபுணரோ எழுதிக் கொடுத்த தாள் வேறு சொன்னால் அந்தத் தாளையே பின்பற்றுங்கள்.

1. உங்களுக்கு நடந்தது எந்த அறுவை என்று தெரிந்துகொள்ளுங்கள்

சிரிக்காதீர்கள். "ஏதோ லேப்ராஸ்கோப்பி செய்தார்கள்" என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்லீவ் என்றால் இரைப்பையில் ஏறத்தாழ 75 முதல் 80 சதவீதம் வரை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போன்ற ஒரு குழாயை மட்டும் விட்டிருக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடும். முதல் ஆண்டில் பசியே இல்லாமல் இருந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அது நிரந்தரம் என்று நினைத்தது என் முதல் தவறு.

பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சிறு பை செய்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் அதிகமாக உறிஞ்சப்படும் குடலின் முதல் பகுதியை உணவு தொடாமலே போகும். மினி பைபாஸ் என்று சொல்லப்படுவதில் இரண்டு இணைப்புக்குப் பதில் ஒன்றுதான், ஆனால் தவிர்க்கப்படும் குடலின் நீளம் பொதுவாக அதிகம். ஆகவே சத்துக் குறைபாட்டுக்கான வாய்ப்பும் அதிகம்.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் எடுத்து கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். ஏன் என்பது ஐந்தாம் பகுதியில் வருகிறது.

2. முதல் இரண்டு மாதங்கள்

மருத்துவமனைக்கு மருத்துவமனை நாள் கணக்கு மாறும். பொதுவாக முதல் ஓரிரு நாட்கள் தெளிந்த நீர் ஆகாரம், இரண்டு வாரம் வரை எல்லா வகைத் திரவங்களும், மூன்றாம் நான்காம் வாரங்களில் மசித்த உணவு, ஐந்து ஆறில் மிருதுவான உணவு, அதன்பின் மெல்ல மெல்ல வழக்கமான சாப்பாடு.

தெளிந்த நீர் ஆகாரம் என்றால் காரம் குறைத்து வடிகட்டிய ரசம், நீர் மோர், வடிகட்டிய காய்கறி சூப். மருந்து மூடியால் குடிப்பதுபோல ஒவ்வொரு மடக்காக, நாள் முழுக்க. மடமடவென்று குடித்துப் பழகிய நமக்கு இதுதான் முதல் தண்டனை.

இந்தக் கட்டத்தில் வீட்டில் இருப்பவர்கள் அன்போடு இரண்டு தவறுகள் செய்வார்கள். ஒன்று பருப்புத் தண்ணீர். பருப்பு வேகவைத்த தண்ணீரில் புரதம் சொற்பம், பருப்பில்தான் இருக்கிறது. அதை மசித்துக் கரைத்துக் கொடுத்தால்தான் பயன். இன்னொன்று ஆட்டுக்கால் சூப். தெம்பு வரும் என்று வைப்பார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் ஜெலட்டின். தசைக்குத் தேவையான எல்லா அமினோ அமிலங்களும் அதில் கிடையாது. சூடாக, சுவையாகக் குடிக்கலாம், ஆனால் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த வாரங்களில் மருத்துவமனை சொல்லும் புரதப் பவுடர்தான் கைகொடுக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். சத்துப் பானம் என்று விற்கப்படும் மால்ட் பவுடர்கள் பலவற்றில் சர்க்கரைதான் முன்வரிசையில் இருக்கும்.

சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அறுவை முடிந்த சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்கும். பழைய அளவிலேயே மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழக்கூடும். அளவைக் குறைப்பது மருத்துவரின் வேலை. வீட்டில் அளந்து அவரிடம் சொல்வது நம் வேலை.

3. சாப்பிடும் முறையை மாற்றுவது

புரதம் முதலில், காய் இரண்டாவது, சோறு கடைசியில். நம் இலையில் நடப்பது இதற்கு நேர் எதிர். நடுவில் சோற்றைக் குவித்து, குழம்பை ஊற்றிப் பிசைந்து, கூட்டும் பொரியலும் தொட்டுக்கொள்ளப் போதும் என்று வைத்திருக்கிறோம். அறுவைக்குப் பின் தொட்டுக்கொள்வதுதான் சாப்பாடு, சோறுதான் தொட்டுக்கொள்வது. மீன் துண்டையோ முட்டையையோ பனீரையோ முதலில் முடித்துவிட்டு, இடம் மிச்சமிருந்தால் மூன்று கரண்டி சோறு.

மெல்லுதல். ஒரு வாய்க்கு இருபது முப்பது முறை, கூழாகும் வரை. சாப்பாட்டுக்கு இருபதிலிருந்து முப்பது நிமிடம். குழைந்த சோறு, பரோட்டா, பிரெட், உலர்ந்த கோழி நெஞ்சுக்கறி ஆகியவை தொண்டைக்குக் கீழே நின்றுவிடும். முதல்முறை நிற்கும்போது நெஞ்சு அடைத்து, வாயில் எச்சில் ஊறி, உயிரே போவதுபோல இருக்கும். எழுந்து மெல்ல நடங்கள். தண்ணீரை ஊற்றித் தள்ளப் பார்க்காதீர்கள். முருங்கைக்காய்ச் சக்கையையும் ஆரஞ்சுச் சுளையின் தோலையும் துப்பிவிடுங்கள்.

தண்ணீர் தனி, சாப்பாடு தனி. சாப்பிட்ட பின் அரை மணி நேரம் குடிக்க வேண்டாம். சாப்பாட்டோடு குடித்தால் வயிறு சீக்கிரம் காலியாகி, மீண்டும் சாப்பிடச் சொல்லும். மற்ற நேரங்களில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை போயாக வேண்டும். சோடா போன்ற வாயு நிறைந்த பானங்களை விட்டுவிடுங்கள்.

வீட்டில் சொல்லிவையுங்கள். என் மாமியார் ஒரு வருடம் வரை "இன்னும் ஒரு வாய் சாப்பிடு கண்ணு" என்று தட்டின் ஓரத்தில் எதையாவது வைத்துக்கொண்டே இருந்தார். அந்த ஒரு வாய்தான் வாந்தியாக வெளியே வரும் என்பதை அவர் கண்ணால் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்.

4. புரதக் கணக்கு, மாத்திரைக் கணக்கு

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பது பொதுவான இலக்கு. நம் சமையலறையில் அது எங்கே இருக்கிறது? ஒரு முட்டையில் 6 கிராம். நூறு கிராம் மீனில் 18 முதல் 20. நூறு கிராம் பனீரில் சுமார் 18. ஒரு டம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், 6 கிராம். நூறு கிராம் தயிரில் 3. சமைக்காத பருப்பு 30 கிராமில் 7. மீல் மேக்கர் உலர்ந்தது 30 கிராமில் 15. இட்லி ஒன்றில் 2 கிராம்தான்.

நான் இப்போது சாப்பிடும் ஒரு நாள் இது. காலையில் இரண்டு முட்டையும் ஒரு இட்லியும். பதினோரு மணிக்குச் சர்க்கரை போடாத பால். மதியம் ஒரு பெரிய துண்டு குழம்பு மீன், கெட்டிப் பருப்பு இரண்டு கரண்டி, பொரியல், கொஞ்சம் சோறு. மாலையில் அரைக் கிண்ணம் சுண்டல். இரவு பனீர் பொடிமாஸ், ஒரு தோசை, கொஞ்சம் தயிர். 60 கிராமை எட்டிப்பிடித்துவிடும்.

புரட்டாசியிலும் கார்த்திகை மாலைக் காலத்திலும் இந்தக் கணக்கு உடைந்துபோகும். மீனும் முட்டையும் நின்ற இடத்தில் பலரும் சோற்றைத்தான் வைக்கிறார்கள். ஒரு புரட்டாசி முழுக்கச் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்குமாக ஓட்டி, மாதக் கடைசியில் மாடிப்படி ஏறும்போது கால் நடுங்கியது எனக்கு. விரத மாதங்களுக்கு மீல் மேக்கர், பனீர், கொண்டைக்கடலை, புரதப் பவுடர் ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் முடி கொத்துக் கொத்தாக உதிரும். வேகமாக எடை இறங்கிய அதிர்ச்சியில் வருவது அது, பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும். எண்ணெய்க்குச் செலவழிக்கும் பணத்தை மீனுக்குச் செலவழியுங்கள். ஓராண்டு தாண்டியும் உதிர்ந்தால் இரும்புச்சத்து, துத்தநாகம், தைராய்டு மூன்றையும் பரிசோதிக்க வேண்டும்.

மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும். எடை இறங்கி முடிந்ததும் நிறுத்திவிடும் மருந்தல்ல இது. மல்டிவைட்டமின் தினமும். வைட்டமின் பி12 வாய்வழியாக நாளுக்கு 350 முதல் 1,000 மைக்ரோகிராம், அல்லது மாதம் ஒரு ஊசி. மாதவிடாய் உள்ள பெண்களுக்கும் பைபாஸ், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் இரும்புச்சத்து 45 முதல் 60 மில்லிகிராம். கால்சியம் உணவும் மாத்திரையும் சேர்த்து 1,200 முதல் 1,500 மில்லிகிராம், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. கால்சியத்தில் சிட்ரேட் வகை நல்லது, அது உறிஞ்சப்பட வயிற்று அமிலம் தேவையில்லை. வைட்டமின் டி3 நாளுக்கு 3,000 யூனிட் என்று தொடங்கி, இரத்த அளவைப் பார்த்து மாற்றுவார்கள். வாரம் ஒருமுறை 60,000 யூனிட் எழுதிக் கொடுத்திருந்தால் எத்தனை வாரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரும்பும் கால்சியமும் ஒன்றோடொன்று சண்டையிடும். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைக் காபியோடும் டீயோடும் விழுங்கினால் பாதி வீண். நான் இரவு படுக்கும் முன் இரும்பு, காலையிலும் மதியமும் கால்சியம் என்று வைத்திருக்கிறேன்.

முதல் ஆண்டில் 3, 6, 12ஆம் மாதங்களிலும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் இரத்தப் பரிசோதனை. முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், ஆல்புமின், கல்லீரல் பரிசோதனை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c). ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று திரும்பிவிடாதீர்கள். ஃபெரிட்டின் வற்றிப்போன பிறகுதான் ஹீமோகுளோபின் விழும்.

5. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நம் ஊர்களில் உடம்பு சோர்ந்தால் பக்கத்துக் கிளினிக்கில் படுத்து ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது பழக்கம். அறுவைக்குப் பின் நாள்கணக்கில் வாந்தி எடுத்தவருக்கு அது ஆபத்தாக முடியலாம். உடம்பு தயாமினை, அதாவது வைட்டமின் பி1-ஐ, சில வாரங்களுக்கு மட்டுமே சேமித்து வைக்கும். வாந்தியால் அது தீர்ந்துபோன நிலையில் குளுக்கோஸ் உள்ளே போனால், அதை எரிப்பதற்காக மிச்சமிருக்கும் தயாமினும் செலவாகிவிடும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது என்று மூளையைத் தாக்கும் வெர்னிக்கி நோய் வரலாம். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடும்.

ஆகவே தயாமின் ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு. கிளினிக்கில் இருக்கும் மருத்துவரிடம் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி இதைத் தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் பேசும் நிலையில் இல்லாமல் போகலாம்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால், மலம் கறுப்பாகப் போனால், பாதம் மரத்துப்போனால், அறுவை முடிந்த முதல் வாரங்களில் காய்ச்சலோடு நெஞ்சு படபடத்தால், அறுவை செய்த மருத்துவமனைக்கு உடனே போங்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு ஆண்டுகள் கழித்தும் குடல் உள்ளே சிக்கிக்கொள்ளலாம். கடுமையான வயிற்று வலியை வாயு என்று எண்ணிச் சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

கால்வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் பைபாஸ் இணைப்பில் புண் உண்டாக்கும். புகையும் அப்படியே. மது வழக்கத்தைவிட வேகமாக ஏறும், மெல்ல இறங்கும். பைபாஸுக்குப் பின் குடிநோய்க்கான வாய்ப்பு கூடுவதும் அறியப்பட்ட உண்மை.

6. பாயசம் குடித்ததும் வியர்த்தால்

இனிப்பு சிறுகுடலில் திடீரென்று கொட்டும்போது வருவதுதான் டம்பிங். பைபாஸில் அதிகம், ஸ்லீவிலும் உண்டு. சாப்பிட்ட பத்து முதல் முப்பது நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றைக் கலக்குதல். படுத்தால் அடங்கும். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வருவது வேறு. அது இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து சர்க்கரை தாழ்ந்துபோவது. கை நடுங்கும், கண் இருட்டும். அந்த நேரத்தில் சிறிது சர்க்கரை தேவைதான். ஆனால் அடிக்கடி வந்தால் சர்க்கரையால் சமாளிக்கப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் குடலுக்குச் சர்க்கரைதான். பெயர் மாறுவதால் டம்பிங் ஏமாறுவதில்லை.

கர்ப்பத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எடை இறங்கும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும், ஆனால் 12 முதல் 18 மாதங்கள் காத்திருக்கச் சொல்கிறார்கள். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், வேறு வழியைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். அந்தத் தம்ளர் உங்களுக்கு டம்பிங்கைக் கொண்டுவரலாம். முன்பே சொன்னால் ஒரு வாரம் விரல் நுனியில் குத்தி அளக்கும் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

7. எடை ஏறினால்

முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் ஓரிரு ஆண்டுகளில் தங்கள் எடையில் சராசரியாக 32 சதவீதம் இழந்தார்கள். பத்தாண்டு முடிவில் அது 25 சதவீதமாக நின்றது. 120 கிலோ இருந்தவருக்குக் கணக்குப் போட்டால், இறங்கிய 38 கிலோவில் எட்டு கிலோ திரும்பியிருக்கிறது. கொஞ்சம் ஏறுவது இயல்பு. உடம்பு எரிக்கும் சக்தியைக் குறைத்துக்கொள்கிறது, பசி திரும்புகிறது. இது ஒழுக்கக் குறைவு அல்ல. நான் வெட்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் மறுபரிசோதனைக்கே போகாமல் இருந்தேன். ஒன்பது கிலோவில் பாதியாவது அந்த வெட்கத்தின் எடை.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலையில் பாருங்கள். ஒரு கிலோ ஏறி இறங்குவதைக் கண்டு கலங்க வேண்டாம். தொடர்ந்து ஒரு மாதம் ஏறுமுகம் என்றால் அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

ஏழு நாட்கள் வாயில் போடும் எல்லாவற்றையும் எழுதுங்கள். உப்புப் பார்த்த கரண்டி, பிள்ளை மிச்சம் வைத்த பிஸ்கட், அலுவலகத்தில் யாரோ நீட்டிய மிக்சர் எல்லாம். என் நோட்டில் மூன்று வேளைச் சாப்பாடு குறையில்லாமல் இருந்தது. நடுவில் நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. எட்டு ஸ்பூன், சுமார் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி, ஒவ்வொரு நாளும். அதோடு முறுக்கு. வாயில் கரைந்து, வயிற்றில் நிற்காமல், திருப்தியும் தராமல் போகும் பண்டங்கள்தான் அறுவை செய்த வயிற்றின் உண்மையான எதிரி. மிக்சர், ரஸ்க், சிப்ஸ், ஐஸ்கிரீம், பழச்சாறு எல்லாம் அந்த வகையே.

பிறகு இரண்டு வாரம் மூன்றாம் பகுதிக்குத் திரும்புங்கள். புரதம் முதலில், தண்ணீர் தனியாக, மூன்று வேளைச் சாப்பாடும் திட்டமிட்ட ஒரு சிற்றுண்டியும். முறுக்கு டப்பாவை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டு, நான்கு மணிக்குச் சுண்டல் தயாராக இருக்கும்படி பார்த்தேன். மன உறுதியைவிட ஊறவைத்த கடலை நம்பகமானது. ஐந்து நாள் திரவம் மட்டும் குடித்து வயிற்றைப் பழைய அளவுக்குச் சுருக்கலாம் என்று இணையத்தில் சுற்றும் முறையை நம்பாதீர்கள். வயிறு சுருங்காது. இறங்குவது நீரும் கொஞ்சம் தசையும்தான்.

வாரத்துக்கு 150 நிமிட நடை, கூடவே இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. நடை மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்குவது ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம்.

இதெல்லாம் செய்தும் இறங்கவில்லை என்றால், அல்லது எழுதிப் பார்த்ததில் தவறே தெரியவில்லை என்றால், காரணம் வேறெங்கோ இருக்கிறது. தைராய்டைப் பாருங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள், வலிப்புக்கான வால்ப்ரோயேட் ஆகியவை எடையைக் கூட்டும். தானாக நிறுத்தாமல் மாற்று உண்டா என்று கேளுங்கள். முன்பு நிறைந்த அளவைவிட இரு மடங்கு இப்போது இறங்குகிறது, அல்லது நெஞ்செரிச்சல் புதிதாக வந்திருக்கிறது என்றால், எண்டோஸ்கோப்பியும் சாய மருந்து குடித்து எடுக்கும் எக்ஸ்ரேவும் தேவைப்படலாம். ஸ்லீவ் விரிந்திருக்கலாம், பைபாஸ் இணைப்பு அகன்றிருக்கலாம், பைபாஸில் செய்த சிறு பையும், பிரித்து உள்ளேயே விட்ட பழைய இரைப்பையும் மீண்டும் ஒட்டி வழி உண்டாகியிருக்கலாம்.

செமாகுளூடைடு, டிர்செபடைடு போன்ற வாராந்திர ஊசிகளை அறுவைக்குப் பின் எடை ஏறியவர்களுக்கும் இப்போது தருகிறார்கள். பசி நன்றாகவே குறையும். ஆனால் ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடும் ஒருவர் இன்னும் குறைவாகச் சாப்பிடுவார் என்பதால் புரதமும் மாத்திரையும் முன்னைவிட முக்கியமாகிவிடும். நிறுத்தினால் எடை திரும்பும் வாய்ப்பு அதிகம். ஊசி வேண்டுமா என்பதோடு, எத்தனை காலம், மாதம் எவ்வளவு செலவு என்பதையும் சேர்த்தே கேளுங்கள். ஸ்லீவைப் பைபாஸாக மாற்றும் மறு அறுவையும் உண்டு. முதல் அறுவையைவிட ஆபத்து கூடுதல் என்பதால், ஏழு நாள் நோட்டையும் இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

எனக்கு ஊசியும் தேவைப்படவில்லை, மறு அறுவையும் தேவைப்படவில்லை. இப்போது 80 கிலோ. காபி இரண்டாகக் குறைந்து, சர்க்கரை இல்லாமல் ஓடுகிறது. முறுக்கு டப்பா இன்னும் மேல்தட்டில்தான் இருக்கிறது. தீபாவளிக்கு மட்டும் ஸ்டூல் போட்டு எடுக்கிறோம்.